நியூயார்க் நகரில் பூங்காத் திட்டங்களுக்கான பொதுக் கருத்துக்கேட்பு

பொதுக் கருத்துக்கேட்பு என்பது, ஓர் அரசு அமைப்பு முடிவெடுப்பதற்கு முன், அந்த முடிவால் பாதிக்கப்படக்கூடியவர்கள் சொல்வதைத் திறந்த கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்யும் நடைமுறையாகும். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் புதிய பூங்கா அமைக்கவும், இருக்கும் பூங்காவைப் புதுப்பிக்கவும், பூங்கா நிலத்தை வேறு பயனுக்குக் கொடுக்கவும் இத்தகைய கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. மூன்றுக்கும் ஒரே கூட்டம் அல்ல. கேட்பவர்களும் வேறு, கேட்ட பிறகு அவர்களால் செய்யக்கூடியதும் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் கூட்டத்துக்குப் போகிறவர்கள், தவறான அவையில் சரியான வாதத்தைச் சொல்லிவிட்டு வீடு திரும்புவதுண்டு.

2005-06 ஆம் ஆண்டுகளில் பிராங்க்ஸ் பகுதியில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் புதிய விளையாட்டரங்கத்துக்காக பூங்கா நிலம் எடுக்கப்பட்டபோது இது கண்கூடாகத் தெரிந்தது. கூட்டங்கள் வரிசையாக நடந்தன. மக்களும் வந்து பேசினார்கள். ஆனால் பூங்காவைக் கொடுக்கலாமா என்ற அடிப்படைக் கேள்விக்கு, அந்தக் கூட்டங்கள் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே வேறோர் இடத்தில் விடை எழுதப்பட்டிருந்தது.

கேட்கும் வழக்கம் வந்த விதம்

ராபர்ட் மோசஸ் 1934 முதல் 1960 வரை நியூயார்க் நகரின் பூங்கா ஆணையராக இருந்தார். நூற்றுக்கணக்கான விளையாட்டுத் திடல்களையும் நீச்சல் குளங்களையும் கட்டியவர். யாரையும் கேட்காமல் கட்டியவர் என்பதும் அவரைப் பற்றி நிலைத்துப்போன பெயர். 1956 இல் சென்ட்ரல் பூங்காவில் இருந்த ஓர் உணவகத்தின் வாகன நிறுத்தத்தைப் பெரிதாக்க, குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலத்தை எடுக்க முயன்றார். அருகில் குடியிருந்த தாய்மார்கள் குழந்தை வண்டிகளோடு போய் புல்டோசருக்கு முன் நின்றார்கள். செய்தித்தாள்கள் அந்தப் படங்களை விடாமல் வெளியிட்டன; நீதிமன்றம் பணிக்குத் தடை விதித்தது. கடைசியில் அங்கே வாகன நிறுத்தம் வரவில்லை, விளையாட்டுத் திடல்தான் வந்தது. அந்தத் தாய்மார்கள் கருத்துச் சொல்ல அப்போது ஒரு கூட்டமும் இருக்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. புல்டோசர் வந்த பிறகுதான் அவர்களுக்குப் பேச இடம் கிடைத்தது.

வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சாலை போடும் திட்டமும் அதே காலத்ததுதான். ஷெர்லி ஹேய்ஸ் என்ற குடியிருப்பாளர் தொடங்கிய எதிர்ப்பில், பின்னாளில் நகரமைப்புச் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்துகொண்டார். 1958 இல் நகரத்தின் மதிப்பீட்டு வாரியத்துக்கு முன் அது விசாரணைக்கு வந்தது. சாலை கைவிடப்பட்டதோடு, பூங்காவுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களும் நிறுத்தப்பட்டன.

இத்தகைய மோதல்களுக்குப் பிறகுதான் கேட்பது சட்டக் கடமையானது. 1963 ஆம் ஆண்டின் நகர சாசனம் வட்டாரத் திட்டமிடல் வாரியங்களை நகரம் முழுவதற்கும் உருவாக்கியது. 1975 இல் வாக்காளர்கள் ஏற்ற சாசனத் திருத்தம் அவற்றை 59 சமூக வாரியங்களாக அமைத்து, நிலப் பயன்பாட்டு மாற்றங்களுக்கு ஒரு சீரான மறுஆய்வு முறையையும் வகுத்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அம்முறையை 'யூலர்ப்' என்று அழைக்கிறார்கள்.

சமூக வாரியம்

ஒவ்வொரு சமூக வாரியத்திலும் 50 பேர் வரை இருக்கலாம். ஊதியம் கிடையாது. நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளும் போரோ எனப்படும். அந்தந்தப் போரோவின் தலைவரே வாரிய உறுப்பினர்களை நியமிக்கிறார். அவர்களில் பாதிப்பேர் அந்த வட்டாரத்தின் நகர மன்ற உறுப்பினர்கள் பரிந்துரைப்பவர்கள். ஆகவே இது மக்கள் தேர்ந்தெடுத்த அவை அல்ல, நியமன அவை. நியமித்தவரின் விருப்பத்துக்கு எதிராக வாக்களிக்கும் நிலை வரும்போது இந்த அமைப்பின் பலவீனம் தெரியவரும்.

பூங்காவின் சாதாரண மாற்றங்கள் பெரும்பாலும் இந்த வாரியத்தின் பூங்காக் குழுவிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. ஒரு விளையாட்டுத் திடலின் ஊஞ்சலை மாற்றுவது, கூடைப்பந்துக் களத்துக்கு விளக்குப் போடுவது, நாய்களுக்குத் தனி இடம் ஒதுக்குவது போன்றவை இவை. பூங்காத் துறை முதலில் அப்பகுதி மக்களை அழைத்து என்ன வேண்டும் என்று கேட்கும். பிறகு வரைபடம் தயாரித்து வாரியத்துக்குக் கொண்டுவரும். அதற்கடுத்து பொது வடிவமைப்பு ஆணையம் அதைப் பார்வையிட வேண்டும். பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடமென்றால் அதற்கான ஆணையமும் பார்க்கும்.

இந்த வகைத் திட்டங்களில் முதல் கூட்டத்துக்கு இருக்கும் மதிப்பு பிற்பாடு எந்தக் கூட்டத்துக்கும் இல்லை. வெற்றுத்தாள் மேசைமேல் இருக்கும்போது, 'மாலையில் முதியவர்கள் உட்காரும் பக்கத்தில் நிழல் இல்லை' என்று ஒருவர் சொன்னால் அது வரைபடத்துக்குள் போய்விடும். ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு அதையே சொன்னால், நியாயமான கருத்து என்று தலையாட்டுவார்கள்; மாற்றமாட்டார்கள். பெரும்பாலானவர்கள் வருவதோ வேலி அடைத்த பிறகுதான்.

காலக்கெடு உள்ள பாதை

நகர வரைபடத்தில் புதிதாக ஒரு பூங்காவைச் சேர்ப்பது, இருப்பதை நீக்குவது, நகரத்துக்குச் சொந்தமான நிலத்தை விற்பது அல்லது குத்தகைக்கு விடுவது போன்றவை பொதுவாக யூலர்ப் வழியாகச் செல்ல வேண்டும். விண்ணப்பம் முழுமையானது என்று நகரத் திட்டமிடல் துறை சான்றளித்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். யாங்கி அரங்கத் திட்டம் வந்தபோது இருந்த முறைப்படி, சமூக வாரியத்துக்கு 60 நாள், போரோ தலைவருக்கு 30 நாள், நகரத் திட்டமிடல் ஆணையத்துக்கு 60 நாள், நகர மன்றத்துக்கு 50 நாள். மன்றத்தின் முடிவை மேயர் 5 நாட்களுக்குள் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்தால் மன்றம் அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம்.

இதில் முதல் இரண்டு படிகளும் வெறும் பரிந்துரைகள். சமூக வாரியம் ஒருமனதாக 'வேண்டாம்' என்றாலும் திட்டம் அடுத்த படிக்குப் போய்விடும். வாரியம் பதிலே சொல்லாவிட்டாலும் காலக்கெடு முடிந்ததும் நகர்ந்துவிடும். கட்டுப்படுத்தும் அதிகாரம் மூன்றாவது படியில்தான் தொடங்குகிறது. அந்தத் திட்டமிடல் ஆணையத்தின் 13 உறுப்பினர்களில் தலைவர் உட்பட ஏழு பேரை மேயர் நியமிக்கிறார். ஐவரை போரோ தலைவர்களும், ஒருவரைப் பொதுமக்கள் வழக்காடுநரும் நியமிக்கிறார்கள். திட்டம் மேயருடையதாகவே இருக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நகர மன்றத்தில் 51 உறுப்பினர்கள். இந்த இரண்டு அவைகளில் அவர்கள் மட்டுமே மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள் என்பதால், பேச்சுக்குச் செவிசாய்க்க அதிகக் காரணம் உள்ளவர்களும் அவர்களே.

கூட்டத்தில் நடப்பது

கூட்டம் பற்றிய அறிவிப்பு 'தி சிட்டி ரெக்கார்ட்' என்ற நகர அரசிதழில் வெளியாகும். 1873 முதல் வெளிவரும் இதழ் அது; அதைத் தேடிப் படிக்கும் பொதுமக்கள் மிகச் சிலரே. பேச விரும்புகிறவர்கள் பெயரை எழுதித் தர வேண்டும். விண்ணப்பதாரர் முதலில் படங்களோடு திட்டத்தை விளக்குவார். பிறகு பெயர் அழைக்கப்படும். ஒருவருக்குக் கிடைப்பது பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடம். விண்ணப்பதாரருக்கு இந்த நெருக்கடி இல்லை என்பது பல கூட்டங்களில் எழும் மனக்குறை. பேச வராதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அல்ல. நூறு பேர் எதிர்த்தும் பத்துப் பேர் ஆதரித்தும் பேசினால் நூறு வென்றுவிடாது. இங்கே கிடைப்பது வேறொன்று. பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வரைவு ஒன்று தயாரிக்கப்பட்டிருக்கும். திட்டமிடல் ஆணையத்தின் கூட்டமே பெரும்பாலும் அந்த வரைவின்மீதான கருத்துக்கேட்பாகவும் அமையும். கூட்டம் முடிந்து பத்தாவது நாள் வரை எழுத்துமூலக் கருத்துகளை ஏற்பார்கள். அவ்வாறு வந்த பொருளுள்ள கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். நியூயார்க்கின் இறுதி அறிக்கைகளில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கும். கருத்து, அதன் கீழே பதில், மறுபடி கருத்து, பதில் என்று பக்கம் பக்கமாகப் போகும்.

கூட்டத்தில் பேசிய பேச்சு ஆவணமாக மாறுவது அந்த அத்தியாயத்தில்தான். 'இந்தப் பூங்காவை நாங்கள் நேசிக்கிறோம்' என்ற பேச்சுக்கு, 'கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்பதே பதிலாக இருக்கும். 'மாற்றுத் திடல் திறக்கப்படும் வரை, இங்கே பயிற்சி செய்யும் பள்ளி மாணவர்கள் எங்கே ஓடுவார்கள்? அங்கே போக எந்தச் சாலையைக் கடக்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்டால், ஓர் அதிகாரி இடத்தையும் நாளையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிய பதில் தவறாகவோ மழுப்பலாகவோ இருந்தால், பிறகு நீதிமன்றத்தில் அதைச் சுட்டிக்காட்ட முடியும். நீதிமன்றம் பொதுவாகத் திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. சொல்லப்பட்ட பிரச்சினையை அதிகாரிகள் ஆராய்ந்தார்களா என்றே பார்க்கும். கூட்டத்தில் எழுப்பாத பிரச்சினையை வழக்கில் முதல்முறையாக எழுப்புவது மிகக் கடினம்.

பூங்கா நிலத்தின் தனிப் பூட்டு

பூங்கா நிலத்துக்கு நகரத்தின் மற்ற நிலங்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு உண்டு. நகரம் அதற்கு முழு உடைமையாளர் அல்ல, மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் அமைப்பு மட்டுமே என்பது நியூயார்க் மாநில நீதிமன்றங்கள் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவரும் கோட்பாடு. இதைப் பொதுப் பொறுப்புக் கோட்பாடு எனலாம். மாநிலச் சட்டமன்றம் வெளிப்படையாக அனுமதித்துச் சட்டம் இயற்றாமல், பூங்கா நிலத்தைப் பூங்கா அல்லாத பயனுக்குக் கொடுக்க நகரத்தால் முடியாது. சென்ட்ரல் பூங்காவுக்குள் இருக்கும் பழைய ஆயுதக்கிடங்குக் கட்டடத்தை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க நகரம் முயன்றபோது, 1920 இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே அடிப்படையில் தடுத்தது.

2001 இல் வந்த வான் கார்ட்லாண்ட் பூங்கா வழக்கு இன்னும் சுவையானது. பிராங்க்ஸில் உள்ள அந்தப் பெரிய பூங்காவின் கோல்ஃப் திடலுக்கு அடியில் கிரோட்டன் குடிநீர் வடிகட்டும் நிலையத்தை நிலத்தடியில் கட்ட நகரம் திட்டமிட்டது. வேலை முடிந்ததும் மேலே மறுபடி புல் வளர்க்கப்போகிறோம், பூங்கா பூங்காவாகவேதான் இருக்கும், எனவே சட்டமன்ற அனுமதி தேவையில்லை என்பது நகரத்தின் வாதம். பல ஆண்டுகளுக்கு மக்கள் பயன்படுத்த முடியாமல் போவதே வேறு பயனுக்குக் கொடுப்பதுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 இல் சட்டமன்றம் அனுமதி தந்தபோது, பிராங்க்ஸ் பூங்காக்களுக்கு 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட நகரம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பேரத்துக்கான பலம், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கைதட்டியவர்களின் எண்ணிக்கையிலிருந்து வரவில்லை. பூட்டு இன்னும் திறக்கப்படாமல் இருந்ததிலிருந்து வந்தது.

யாங்கி அரங்கமும் இரண்டு பூங்காக்களும்

1923 இல் திறக்கப்பட்ட பழைய யாங்கி விளையாட்டரங்கத்துக்கு எதிரில் மேக்கோம்ப்ஸ் டேம் பூங்காவும், அதையொட்டி முல்லாலி பூங்காவும் இருந்தன. ஓட்டப்பாதை, பேஸ்பால் திடல்கள், டென்னிஸ் களங்கள், நன்கு வளர்ந்த மரங்கள் எல்லாம் உண்டு. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். நாட்டின் மிக ஏழையான நகர்ப்புறப் பகுதிகளில் ஒன்று அது; ஆஸ்துமாவால் அவதிப்படும் குழந்தைகள் அதிகம் உள்ள பகுதி என்றும் அறியப்பட்டது. புதிய அரங்கம் இந்தப் பூங்கா நிலத்தின்மேல் வரும், அது முடிந்ததும் பழைய அரங்கம் இடிக்கப்பட்டு அங்கே திடல்கள் அமைக்கப்படும் என்பது திட்டம். எடுக்கப்பட்ட பூங்கா நிலம் 20 ஏக்கருக்கும் மேல்.

2005 ஜூனில், ஆண்டுக் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், நகர மன்றம் வேண்டுகோள் தீர்மானம் அனுப்ப, மாநிலச் சட்டமன்றம் அனுமதிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அறிவிப்பிலிருந்து சட்டம் வரை எல்லாம் சில நாட்களில் முடிந்தது. பூங்காவைச் சுற்றியிருந்தவர்களில் பலர் அதன் பிறகே செய்தி அறிந்தார்கள். வான் கார்ட்லாண்டில் கடைசி வரை மூடியிருந்த பூட்டு, இங்கே முதலிலேயே திறக்கப்பட்டுவிட்டது.

யூலர்ப் கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது. சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு பூங்காத் துறையிடமே இருந்தது. பூங்காக்களைக் காக்கும் துறையே அவற்றைக் கொடுப்பதற்கான ஆவணத்தையும் எழுதியது என்று எதிர்ப்பாளர்கள் கசந்துகொண்டார்கள். நவம்பரில் நான்காம் எண் சமூக வாரியம் 16-க்கு 8 என்ற கணக்கில் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. அது பரிந்துரை மட்டுமே. போரோ தலைவர் திட்டத்தை ஆதரித்தார். 2006 இல் வாரிய நியமனங்கள் புதுப்பிக்கப்பட்டபோது, எதிர்த்து வாக்களித்தவர்களில் சிலருக்கு மறுநியமனம் கிடைக்கவில்லை. திட்டமிடல் ஆணையம் ஒப்புதல் அளித்தது. 2006 ஏப்ரலில் நகர மன்றம் 45-க்கு 2 என்ற வாக்கில் ஏற்றது. வழக்குகளால் கட்டுமானம் நிற்கவில்லை. ஆகஸ்டில் பணி தொடங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன.

கூட்டங்களால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்வதும் சரியல்ல. மாற்றுப் பூங்காக்கள் எங்கே, எவ்வளவு, எப்போது என்ற கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதால் அவற்றுக்கான பதில்கள் பதிவேட்டில் ஏறின. மேக்கோம்ப்ஸ் டேம் பூங்காவுக்கு முன்பு மத்திய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி பயன்பட்டிருந்ததால், ஈடான நிலம் தர வேண்டும் என்ற மத்தியச் சட்டத்தின் நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. யாங்கீஸ் அணி ஆண்டுக்கு 8 லட்சம் டாலரைப் பகுதி அமைப்புகளுக்கு வழங்கும் ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் பிராங்க்ஸின் மக்கள் பிரதிநிதிகள்தான், குடியிருப்பாளர்களின் அமைப்புகள் அல்ல. நிதி எப்படிப் பகிரப்படுகிறது என்ற சர்ச்சை பின்னால் நீண்டகாலம் ஓயாததற்கு இது ஒரு காரணம்.

மாற்றுப் பூங்காக்களுக்கான செலவும் ஏறியது. நகரத்தின் சுதந்திர வரவுசெலவு அலுவலகம் 2009 தொடக்கத்தில் கணக்கிட்டபோது, அது முதல் மதிப்பீட்டைப்போல் ஏறக்குறைய இருமடங்காகி, 19.5 கோடி டாலரைத் தொட்டிருந்தது. புதிய அரங்கம் 2009 ஏப்ரலில் முதல் ஆட்டத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஹார்லெம் ஆற்றங்கரையில் மில் பாண்ட் பூங்கா திறந்தது. பழைய குடியிருப்புகளிலிருந்து பார்த்தால் அது நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அப்பால் இருக்கிறது. வாகன நிறுத்தக் கட்டடத்தின் கூரைமேல் அமைத்த ஓட்டப்பாதையும் திடலும் 2010 இல் கிடைத்தன. பழைய அரங்கம் நின்ற இடத்தில் அமைந்த ஹெரிடேஜ் ஃபீல்டு என்ற மூன்று பேஸ்பால் திடல்கள் 2012 இல் திறக்கப்பட்டன. 2006 இல் வேலி அடைக்கப்பட்டபோது மேக்கோம்ப்ஸ் டேம் பூங்காவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது வயது பதினைந்து, பதினாறு ஆகியிருந்தது.